கீரிக்கும் பாம்புக்கும் நல்லிணக்க நிதி கிடைத்த கதை

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. சித்திரை, வைகாசியில் சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது அந்தக் குட்டையில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். யானை முதல் அணில் வரை எல்லாரும் அங்கேதான் வந்தாக வேண்டும். வந்த இடத்தில் ஒருவரையொருவர் கடித்துத் தின்னாமல் இருக்க ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவர்கள் செண்பகவடிவு என்ற கீரியும் மாடக்கண்ணு என்ற சாரைப்பாம்பும்.

இருவரும் சாயங்காலமானால் கரையில் வந்து உட்காருவார்கள். யாருக்கு யார் மேல் வருத்தம் என்று விசாரிப்பார்கள். பன்றி தண்ணீரைக் கலக்கினால் செண்பகவடிவு அதட்டுவாள். நரி முயலை முறைத்தால் மாடக்கண்ணு நடுவில் போய்ப் படுத்துக்கொள்வான். கீரியும் பாம்புமே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நமக்கு என்ன வந்தது என்று மற்றவர்களும் அடங்கிப் போனார்கள். இதற்குக் 'குட்டைக்கரைச் சங்கம்' என்று பெயர். சந்தா கிடையாது, பலகை கிடையாது.

ஆனால் வருஷா வருஷம் மழை கொண்டுவந்த மண் சேர்ந்து குட்டை மேடிட்டுவிட்டது. போன கோடையில் ஆமைக்கு முதுகு வெளியே தெரிந்தது.

"யக்கா, வர்ற கோடைக்கு இது தாங்காது" என்றான் மாடக்கண்ணு. "தண்ணி இருக்கிற வரைக்கும்தான் நம்ம பேச்சைக் கேப்பாங்க."

"தூர் வாரணும்" என்றாள் செண்பகவடிவு. "ஆனையைக் கூப்பிட்டா வரும். அதுக்குத் தீனி யார் போடுவா?"

அந்தக் காட்டுக்குக் குளிர்காலத்தில் தூரதேசத்திலிருந்து நாரைகள் வரும். வருகிற நாரைகள் சும்மா வருவதில்லை. அந்த வருஷம் 'உள்ளூர் சமாதானத்துக்கும் சமூக நல்லிணக்கத்துக்குமான சிறுநிதித் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தன. சங்கமாக இருந்தால் போதும், விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டு இருவரும் போய் வரிசையில் நின்றார்கள்.

அதிகாரி நாரையம்மாள் ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டாள். "உங்கள் பகுதியில் நிலவும் மோதலைப் பற்றிச் சொல்லுங்கள்."

"மோதலா? அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்றாள் செண்பகவடிவு பெருமையாக. "நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் தண்ணி குடிக்கோம்."

நாரையம்மாளின் முகம் வாடிவிட்டது. "மோதல் இல்லாத இடத்தில் நாங்கள் எப்படி நல்லிணக்கத்தை ஏற்படுத்துவது? முன்பு இருந்த நிலை, பின்பு வந்த நிலை, இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட வேண்டுமே. நாங்களும் மேலே பதில் சொல்ல வேண்டியவர்கள்தான்" என்று சொல்லி, அடுத்த சங்கத்தைக் கூப்பிட்டாள்.

வாசலில் ஓர் ஓணான் நின்றிருந்தது. பெயர் நவநீதன். திட்ட ஆலோசகர். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டும், நிற்கிற இடத்துக்கு ஏற்ற நிறத்தில் இருக்கும். அந்தத் தொழிலுக்கு வேறு படிப்பு தேவைப்படவில்லை.

"யக்கா, உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துட்டீங்களே" என்றது நவநீதன். "அடுத்த வாரம் அம்மா நேரில பார்க்க வர்றாங்க. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் கரையில நின்னு நாலு வார்த்தை திட்டிக்கிடுங்க. மத்ததை நான் எழுதிக்கிடுதேன்."

செண்பகவடிவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் குட்டையை நினைத்தாள். மாடக்கண்ணுவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருவரும் புதருக்குள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். அவன் அவளை 'முசுடு' என்றான். அவள் அவனை 'நெளிவான்' என்றாள். அதற்கே இருவரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

நாரையம்மாள் வந்த அன்று காடே கரையில் கூடியிருந்தது. ஒத்திகை விஷயம் மற்றவர்களுக்குத் தெரியாது. செண்பகவடிவு நெளிவான் என்றாள். மாடக்கண்ணு முசுடு என்றான். நாரையம்மாள் கொட்டாவி விட்டாள். ஓணான் அவளுக்குப் பின்னால் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தலையை ஆட்டியது.

மாடக்கண்ணு ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டான். "ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லுதியே. போன வெள்ளம் உன் குட்டியை அடிச்சிட்டுப் போறப்ப நீ எங்க போயிருந்த? எலி பிடிக்கப் போயிருந்த. விடிய விடியத் தண்ணிக்குள்ள தேடினவன் நானு."

அவன் தேடியது நிஜம். குட்டி கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவளிடம் யாரும் எடுத்ததில்லை.

செண்பகவடிவு நிதானமாகக் கேட்டாள். "தேடினியா, தின்னியா?"

அப்படி ஒரு நினைப்பு தனக்குள் கிடந்ததே அவளுக்கு அதுவரை தெரியாது. சொன்ன பிறகு அது அங்கே எல்லாருக்கும் நடுவில் நின்றது. மாடக்கண்ணுவுக்குப் பதிலாக அவனுடைய தம்பிமார் பேசினார்கள். அவளுடைய மருமக்கள் பாய்ந்தார்கள். இதுதான் சமயம் என்று நரி முயலைக் கவ்வியது. பன்றி ஆமையைப் புரட்டிப் போட்டது. அன்று தண்ணீர் குடிக்காமல் போனவர்கள் பலர். வீடு திரும்பாமல் போனவர்களும் உண்டு.

நாரையம்மாள் உணர்ச்சிவசப்பட்டு இறக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு ஆழமான மோதலை நான் எந்தக் காட்டிலும் பார்த்ததில்லை" என்றாள். நிதி அங்கேயே அனுமதியாயிற்று.

தூர் வார அதில் இடமில்லை. மண் அள்ளுவது கட்டுமானத்தில் சேருமாம், சமாதானத்தில் சேராதாம். அதற்குப் பதில் துணியில் பெரிய பேனர் வந்தது. எல்லாருக்கும் டீ-சர்ட் வந்தது. மாதம் ஒரு சட்டையை உரித்துப் போடும் பாம்புகளுக்கும் வந்தது. 'காது கொடுத்துக் கேட்பது எப்படி' என்று ஒரு பயிற்சி முகாம் நடந்தது. காதே இல்லாத பாம்புகள் முன்வரிசையில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கின. பயிற்சி கொடுத்தது நவநீதன்.

செண்பகவடிவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நவநீதனிடம் போனாள். "நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்கப் போறேன்."

"இப்பக் கேட்கக் கூடாது யக்கா" என்றது ஓணான். "மன்னிப்பு கடைசித் தவணையில இருக்கு. இப்பவே சமாதானமாயிட்டீங்கன்னா மிச்சப் பணம் வராது. அது வரட்டும், அதுல எப்படியாவது தூர் வாரிடலாம்."

அவள் திரும்பி வந்தாள். குட்டைக்காகத்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒருநாள் மாடக்கண்ணுவே அவள் வளைக்கு வந்தான். "யக்கா" என்று கூப்பிட்டான். அவள் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். "யக்கா, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கப்படாது" என்றான். வாசலில் வெகுநேரம் கிடந்துவிட்டுப் போனான்.

கோடை வந்தது. குட்டை வற்றி வெடித்தது. யானைகள் முதலில் கிளம்பின. பின்னாலேயே மான்கள் போயின. மாடக்கண்ணுவும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் கடைசித் தவணை வந்தது. கூடவே, அதற்காக ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டிருந்த நாரையம்மாளும், படம் எடுக்க ஒரு மீன்கொத்தியும் வந்தார்கள். பாம்பும் கீரியும் கட்டித் தழுவும் படம் ஒன்று கட்டாயம் வேண்டுமாம். பாம்பைக் காணோம். நவநீதன் யோசிக்கவே இல்லை. பக்கத்து ஊர்க் கிணற்றடியிலிருந்து ஒரு தேங்காய்நார்க் கயிற்றை இழுத்து வந்து, மாடக்கண்ணுவுக்கு வந்த டீ-சர்ட்டை அதற்கு மாட்டிவிட்டது.

"தூரத்திலிருந்து எடுத்தால் தெரியாது" என்றாள் நாரையம்மாள்.

செண்பகவடிவு கயிற்றைக் கையில் வாங்கினாள். சிரிக்கச் சொன்னார்கள். அவளுக்கு அழுகைதான் வந்தது. "நீ தின்னிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்டா தம்பி" என்று கயிற்றிடம் சொன்னாள். மீன்கொத்தி சரியாக அந்த நேரத்தில் எடுத்தது. அந்த வருஷ அறிக்கையின் அட்டையில் அந்தப் படம்தான் வந்தது. காட்டில் இப்போது மோதல் சம்பவங்கள் அறவே இல்லை என்று கீழே போட்டிருந்தது. அது பொய்யில்லை. காட்டில் யாருமே இல்லை.

அறிக்கையைப் பார்த்துவிட்டு அடுத்த காட்டிலிருந்து ஒரு முயலும் ஒரு மானும் அவளைத் தேடி வந்தார்கள். எங்கள் காட்டிலும் ஒரு குளம் மேடிட்டுக் கிடக்கிறது, ஆனால் எங்களுக்குள் சண்டையே வர மாட்டேன் என்கிறது, எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டார்கள்.

செண்பகவடிவு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே இலையில் தின்று வந்தவர்கள் போலிருந்தது. வாய்க்குக் கீழே இருவருக்கும் ஒரே பச்சை.

"ரெண்டு பேர்ல யாருக்காவது குட்டி செத்திருக்கா?" என்று கேட்டாள்.

முயல் தலை குனிந்தது.

"அங்கிருந்து ஆரம்பிங்க" என்றாள்.

நீதி: ஒற்றுமையாக இருப்பவர்களை ஒற்றுமைப்படுத்த யாராலும் முடியாது. ஆகவே ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே அடித்துக்கொள்ள வேண்டும்.