நான் ஜெயிலில் இல்லாத ஆறு வருடங்கள்

எனக்குச் சந்தேக புத்தி உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் சுங்கை பினாங் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது என்று பலகை தொங்கினால் மற்றவர்கள் பேசாமல் படியேறுவார்கள். நான் பொத்தானை மூன்று முறை அழுத்திப் பார்த்து, பலகையை மாட்டியது யார் என்று விசாரித்து, அப்புறம்தான் படியேறுவேன். இந்தக் குணத்தால் எனக்குக் கிடைத்தவை முழங்கால் வலியும், இப்போது சொல்லப்போகும் அவமானமும்தான்.

எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு டிசம்பரில் என் தங்கை ஜெசிந்தா, தான் ஒருவரை விரும்புவதாக வீட்டில் சொன்னாள். பெயர் சாமுவேல். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அப்பா இல்லாத வீடு. அதனால் மாப்பிள்ளையை விசாரிக்கும் பொறுப்பு மூத்தவனான என் தலையில் விழுந்தது. (யாரும் போடவில்லை. நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.)

"வேலை நேரம் போக வேற என்னா செய்றாரு?" என்று கேட்டேன்.

"மோட்டார் மினிஸ்ட்ரில இருக்காரு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "மினிஸ்ட்ரியா! அரசாங்க வேலையா? அப்ப பென்ஷன் இருக்குமே!"

"அய்யோ அம்மா, அது சர்ச் ஊழியம். மோட்டார் ஓட்டறவங்க எல்லாரும் ஒண்ணா சேந்து போயி, கஷ்டப்படுறவங்கள பாத்து, ஜெபம் பண்ணி, உதவி செய்வாங்க."

கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். ஆறடி உயரம், மார்பு வரை தாடி, கறுப்புத் தோல் ஜாக்கெட். பக்கத்தில் அவரைவிடப் பெரிதாக ஒரு மோட்டார் சைக்கிள். நாங்கள் கத்தோலிக்கர்கள். பூசைக்கு நடந்து போவோம். எழச் சொன்னால் எழுவோம், மண்டியிடச் சொன்னால் மண்டியிடுவோம், முடிந்ததும் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுவோம். ஜெபம் செய்வதற்கு எதற்கு அறுநூறு சிசி? அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. இது சாம்செங் கும்பல், ரவுடிக் கூட்டம். சர்ச் என்பது வெளியே மாட்டிய பலகை.

மறுநாள் சனிக்கிழமை புது வருட ஊழியத்துக்குத் திட்டம் போடுகிறார்கள் என்றும், மாக் மண்டினில் ஒரு மோட்டார் பட்டறையில் கூடுகிறார்கள் என்றும் ஜெசிந்தா வாய்தவறிச் சொல்லியிருந்தாள். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, என் சின்ன மோட்டாரை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறினேன். முன்னால் கூடை வைத்த மோட்டார் அது. அம்மாவுக்குக் காய்கறி வாங்குவதற்காகப் பொருத்தியது. உளவு பார்க்கப் போகிறவன் அதையாவது கழற்றி வைத்திருக்கலாம்.

பட்டறையில் இருபது பேர் இருந்தார்கள். இருபது தாடி. நரைத்த கூந்தலைக் குடுமி போட்டிருந்த ஒரு மலை என்னை நோக்கி நகர்ந்து வந்தது.

"வாங்க பிரதர்! நான் டேனியல். யாரு அனுப்பிச்சா?"

"யாரும் அனுப்பல. சும்மா சேந்துக்கலாம்னு வந்தேன். பேரு... சேகர்."

பொய்ப் பெயரை நம்பி அவர் என்னைக் கட்டி அணைத்தார். (ஆயுதம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார் என நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டேன்.) ஒரு நாற்காலியைக் காட்டினார். பக்கத்து நாற்காலியில் படத்தில் பார்த்த அதே சாமுவேல். அவர் தன் பங்கு கோப்பியை என்னிடம் நீட்டினார். அவர் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

டேனியல் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைத் தட்டினார். "ஜனவரியில நிபோங் திபால். எஸ்டேட் பக்கம். பிப்ரவரியில சுங்கை பினாங். போன வருஷமே எறங்கியிருக்கணும், விட்டுட்டோம். இந்தத் தடவ ஒரு வீடு விடாம போறோம்."

என் அடுக்குமாடி!

"சாமான் எப்ப வருது?" என்று யாரோ கேட்டார்.

"வியாழக்கெழம. எஸ்தர் ஆண்டி வீட்ல எறக்கிருவோம். பேக் பண்றது எல்லாம் அவங்கதான்."

பட்டறையின் பின்பக்கம் பெரிய சட்டியில் கறி கிண்டிக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியை உயர்த்தி "செஞ்சிரலாம்!" என்றார். பூப்போட்ட பாஜு சட்டை, மூக்குக் கண்ணாடி. இந்த வயதில் போதைப் பொட்டலம் கட்டுகிறாரே என்று நொந்துகொண்டேன். சாமான் என்பது பள்ளிக்கூடப் பைகளும் பென்சில்களும் என்பதும், அந்த அம்மாள்தான் சாமுவேலின் தாய் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அப்புறம் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பழைய வாழ்க்கையைச் சொன்னார்கள். ஒருவர் போதையில் பத்து வருடம் கிடந்தவர். ஒருவர் நடுரோட்டில் ரேஸ் ஓட்டி நண்பனைப் பறிகொடுத்தவர். ஜோசப் என்ற ஒருவர் நிஜமாகவே சிறையில் இருந்தவர். எல்லாரும் அழுதார்கள், ஆமென் சொன்னார்கள். பிறகு டேனியல் என் பக்கம் திரும்பினார்.

"சேகர் பிரதர், நீங்க?"

நான் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் கிளார்க். என் வாழ்நாளில் செய்த ஆகப் பெரிய குற்றம், நூலகப் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்காதது. இந்தக் கூட்டத்தில் அதைச் சொன்னால் சந்தேகப்பட மாட்டார்களா? (சந்தேகம் என்பது எல்லாருக்கும் இருக்கும் ஒரு பொது வியாதி என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.)

"நானும் உள்ள இருந்தவன்தான்" என்றேன்.

இருபது தாடிகளும் என் பக்கம் திரும்பின.

"எத்தன வருஷம் பிரதர்?" ஜோசப் மெதுவாகக் கேட்டார்.

அப்பா இருந்த காலத்தில் ஜொகூரில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கம்பெனி விடுதியில் வாசம். வாயில் வந்தது அந்தக் கணக்குதான். "ஆறு."

"எங்க?"

"தெக்க. காலையில சைரன் அடிக்கும். வரிசையில நிக்கணும். ஒரு ரூம்ல நாலு பேரு. வெளிய போகணும்னா எழுதிக் கொடுக்கணும். சோறு தெனமும் ஒரே மாரி..."

"அதே! அதே!" ஜோசப் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்காக உள்ள போனீங்க?" என்று யாரோ கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அத மட்டும் கேக்காதீங்க" என்றேன்.

அவ்வளவுதான். அன்று வேறு எந்தச் சாட்சிக்கும் கிடைக்காத மரியாதை எனக்குக் கிடைத்தது. எஸ்தர் ஆண்டி கரண்டியோடு ஓடி வந்து, என் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட அம்மா எவ்ளோ கண்ணீர் வடிச்சிருப்பாங்க!" என்று ஜெபித்தார். கறி என் தோளில் சொட்டியது. டேனியல் வரைபடத்துக்குப் பக்கத்துப் பலகையில், ஜனவரி நிபோங் திபால் என்ற வரிக்கு நேராக, 'சாட்சி: சேகர்' என்று எழுதினார்.

ஃபெரியில் திரும்பி வரும்போது எனக்கே குழப்பம். அவர்களிடம் ஒரு தப்பும் கண்ணில் படவில்லை. ஒரு தப்பும் கண்ணில் படாததே பெரிய சந்தேகமாக இருந்தது. இன்னும் இரண்டு வாரம் கவனித்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா சொன்னார்: "நாளைக்கி சாயந்தரம் பொண்ணு பாக்க வராங்க. நீதான் முன்ன நின்னு கூப்பிடணும்."

ஓவர்டைம் என்றேன். "ஞாயித்துக்கெழமையா?" என்றார் அம்மா. இரவோடிரவாக மீசையை எடுத்தேன். மீசை இல்லாத சேகராக மட்டுமே மாறினேன்.

மறுநாள் மாலை நான் கதவைத் திறந்ததும் சாமுவேல் கைகளை விரித்தார். "சேகர் பிரதர்! நீங்க எப்படி இங்க?"

பின்னால் கேக் பெட்டியோடு நின்ற எஸ்தர் ஆண்டி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இவரு... உங்க மகனா?"

"ஆமா. ஒரே பையன்" என்றார் அம்மா. சாமுவேல் ஏதோ செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஆண்டி உட்கார்ந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆறு வருஷம் எப்படித்தான் தாங்கிக்கிட்டீங்க?"

தன் மகனைப் பற்றி இவ்வளவு விசாரித்து வைத்திருக்கிறார்களே என்று அம்மாவுக்குப் பெருமை. "கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா மாசம் ஒருதடவ பஸ் ஏறிப் போயி பாத்துட்டு வருவேன். முறுக்கு கொண்டு போவேன்."

"உள்ள விட்டாங்களா?"

"வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா ஐசி கார்ட வாங்கி வச்சிக்கிட்டு விடுவாரு. நல்ல மனுஷன்."

"அடிப்பாங்களாமே?"

"சே, சே! சூப்பர்வைசர் கொஞ்சம் திட்டுவாரு. மத்தபடி வருஷக் கடைசியில போனஸ்கூட கொடுத்தாங்க."

ஆண்டியின் கண்ணாடி மூக்கில் இறங்கியது. "போனஸா?"

தட்டில் வடை கொண்டுவந்த ஜெசிந்தா அப்படியே நின்றாள். அவள் முதலில் சாமுவேலைப் பார்த்தாள். பிறகு மீசை இல்லாத என்னைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது.

"அண்ணே," என்றாள். "நேத்து எங்க போன?"

சொன்னேன். சேகரில் ஆரம்பித்து 'அத மட்டும் கேக்காதீங்க' வரை சொன்னேன். அம்மா முதலில் நம்பவில்லை, பிறகு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எஸ்தர் ஆண்டி எழுந்தார்.

"ஜெயிலுக்குப் போனவரா இருந்தாக்கூட எனக்குப் பரவாயில்ல, தம்பி. ராத்திரி முழுக்க உங்களுக்காக முழங்கால்ல நின்னேன். ஜோசப் வீட்டுக்குப் போயி மறுபடியும் அழுதாரு. அவரு பட்டது நெஜம். அத வச்சி வெளையாடிட்டீங்களே."

கேக்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் அதை வெட்டவில்லை.

அன்றிலிருந்து ஜெசிந்தா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தாள். "அவங்கள சந்தேகப்பட்டத விடு. என்னைய சந்தேகப்பட்ட பாரு. எனக்கு ஆள் பாக்கத் தெரியாதுன்னு நெனச்சிட்ட."

புது வருடத்தின் முதல் சனிக்கிழமை அவர்கள் நிபோங் திபாலுக்குப் புறப்படும் நாள். மறுபடியும் ஃபெரி ஏறினேன். பட்டறை வாசலில் இருபது மோட்டார்களும் உறுமிக்கொண்டிருந்தன. டேனியல் கையை உயர்த்தியதும் ஒவ்வொன்றாக அடங்கின. சாமுவேல் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான் என்று விட்டிருக்கிறார்.

"என் பேரு சேகர் இல்ல. அந்தோணி. நான் ஜெயிலுக்குப் போனதில்ல. நீங்க எல்லாரும் சாம்செங்குன்னு நெனச்சிப் பாக்க வந்தேன்."

நான் ஜோசப்பிடம் போய், "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"அந்தச் சைரன்? வரிசை?"

"ஃபேக்டரி விடுதிண்ணே."

"நாலு பேரு ஒரு ரூமா?"

"ஆமா."

"ஏசி இருந்துச்சா?"

"ஃபேன்தான்."

அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று பயந்தேன். வெடித்துச் சிரித்தார். "எங்களுக்கு ஃபேன்கூட இல்லலா!" இருபது தாடிகளும் குலுங்கின. நான் மட்டும் அழுதேன்.

டேனியல் என் மோட்டாரைச் சுற்றி வந்தார். பிறகு எஸ்தர் ஆண்டியிடம், "ஆண்டி, பென்சில் பெட்டி வைக்க எடமில்லன்னீங்களே, இந்தா இவரு வண்டில கூடை இருக்கு" என்றார். தண்டனை அதுதான். இருபது பெரிய மோட்டார்களுக்குப் பின்னால், கூடை நிறையப் பென்சில் பெட்டிகளோடு, நிபோங் திபால் வரை நான் ஊர்ந்து போனேன். சாமுவேல் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வழி முழுக்க என் பக்கத்திலேயே வந்தார். அவரிடம் நான் கண்டுபிடித்த முதல் தகவல் அதுதான். அத்தோடு விசாரணையை முடித்துக்கொண்டேன்.

கல்யாணம் அந்த வருடமே நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எஸ்தர் ஆண்டிக்கு, நான் நிஜமாகவே உள்ளே இருந்தவன்தானோ என்று ஒரு சந்தேகம் வந்து, இன்றுவரை போகவில்லை. "ஜெயிலுக்குப் போனவன் போகலன்னு பொய் சொல்லுவான். போகாதவன் எதுக்குலா போனேன்னு சொல்லணும்?" என்பது அவர் கேள்வி. அம்மா ஐசி, முறுக்கு, போனஸ் என்று எத்தனையோ முறை விளக்கியாகிவிட்டது. "பெத்தவங்க அப்படித்தான் மறைப்பாங்க" என்று தலையாட்டுகிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். என்னை மட்டும் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, பக்கத்து வீட்டுக்காரரு தெனமும் என் வீட்டு கேட்டு முன்னால வேன நிப்பாட்டறாரு. பத்து தடவ சொல்லிட்டேன். பாஸ்டரும் சொல்லிட்டாரு. நீங்க ஒருதடவ போயி..."

"நான் என்னா ஆண்டி சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா நில்லுங்க."

போய் நின்றேன். கையில் ஒரு தட்டு கேக் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "சாரி பாஸ், சாரி பாஸ்" என்று வேனைத் தெருக்கோடிக்கு எடுத்துப் போனார். ஆண்டி ஏற்கெனவே மதில் மேல் எட்டிப் பார்த்து அவரிடம் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி வைத்திருந்தார் என்பது அப்புறம் தெரிந்தது. அன்று விருந்தில் என் தட்டில் மட்டும் இரண்டு கோழிக்கால் விழுந்தன.

இப்போது எங்கள் இரண்டு குடும்பங்களிலும் யாருக்கு என்ன தகராறு என்றாலும், "அந்தோணியக் கூப்பிடுங்க, வந்து நிக்கட்டும்" என்கிறார்கள். முதலில் சொல்வது ஜெசிந்தாதான். நானும் மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன். போன வாரம்கூட அவள் வீட்டு வாஷிங் மெஷினை மூன்று மாதமாக இழுத்தடித்த ரிப்பேர்காரர் வந்தபோது, பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அரை மணி நேரத்தில் ஓடிவிட்டது. மெஷினைச் சொல்கிறேன்.