எட்டு நாள் ஜப்பான்காரர்

முதலில் அவருடைய சட்டைப் பையைப் பாருங்கள். சாத்தே இறைச்சி தின்ற குச்சி இரண்டு, நான்காக மடித்த பொட்டலத் தாள், பழைய பஸ் டிக்கெட், ஒரு ரம்புத்தான் பழத்தோல். எல்லாவற்றையும் பதவிசாக அடுக்கி, பொத்தானையும் மாட்டி, வழியில் நிற்கிற மூன்று குப்பைத்தொட்டிகளைத் தாண்டி வீடு வரைக்கும் சுமந்து வருவார். அங்கே தெருவில் குப்பைத்தொட்டியே கிடையாதாம். அவரவர் குப்பை அவரவர் பையில். இங்கேதான் இருக்கிறதே என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் தொடங்கிவிடுவார். இவர்தான் ஜப்பான் போய் வந்தவர். ஊருக்கு ஒருவராவது உண்டு. செர்டாங்குக்கு வாய்த்தவர் குழந்தைவேலு.

"ஜப்பானுக்குப் போயிருந்தப்ப" என்று சொல்ல மாட்டார். "ஜப்பான்ல இருந்தப்ப" என்பார். இருந்தது எட்டு நாள். அதில் இரண்டு நாள் விமானத்தில். ஆனால் அவர் மீ நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது, அங்கே அதுதான் மரியாதையாம். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி இடுப்பு வரை குனிகிறார், கடைக்காரப் பெண் பயந்துபோய்த் தானும் குனிகிறாள். அலோர் ஸ்டார் ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் நிலையத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் தன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.

இதையெல்லாம் சகித்துக்கொண்ட மகள் வாசுகிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அப்பாவைக் கெஞ்ச வேண்டி வந்தது. மூன்று வருடமாக அவள் விரும்பும் வசந்தனின் அம்மா லோகேஸ்வரி, "ஒரு தடவ வந்து பாக்குறேன், பிடிக்கலன்னா அத்தோட விட்டுறணும்" என்ற நிபந்தனையோடு யான் ஊரிலிருந்து கிளம்பி வருகிறார்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் ஜப்பான் வேணாம்ப்பா."

"வாயத் தொறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"ஜப்பான்ல சத்தியமெல்லாம் கேக்க மாட்டாங்க. சொன்னா சொன்னதுதான்."

சொல்லைக் காப்பாற்றினார். வாயைத் திறக்கவில்லை. கைக்கு யார் தடை போட்டார்கள்? வந்தவர்கள் ஏழு பேரும் உள்ளே பசியாறிக்கொண்டிருக்க, மெல்ல நழுவி வாசலுக்குப் போய், ஏழு ஜோடிச் செருப்பையும் கேட்டைப் பார்த்தபடி திருப்பி வைத்துவிட்டு வந்து அப்பாவிபோல உட்கார்ந்தார். அவர் தங்கிய விடுதியில் விருந்தாளிகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். புறப்படும்போது சிரமமில்லாமல் மாட்டிக்கொள்ளலாமே.

போன் பேச வெளியே போன வசந்தனின் சித்தப்பா பக்கிரிசாமி, போன வேகத்தில் திரும்பினார்.

"அண்ணி, எழுந்திரிங்க. செருப்பயெல்லாம் கேட்டப் பாத்துத் திருப்பி வச்சிட்டாங்க. காப்பி குடிக்கிற வரைக்கும்கூட பொறுக்கல லா!"

"யாரு வச்சது?"

"நாந்தான்" என்றார் குழந்தைவேலு. உடனே உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

லோகேஸ்வரி தோசையைத் தட்டிலேயே போட்டார். "போகச் சொல்றதுன்னா வாயால சொல்லியிருக்கலாமே. தேடி வந்தவங்கள இப்படியா?"

ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். வசந்தன் வாசுகியைப் பார்த்தான். வாசுகி அப்பாவைப் பார்த்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உள்ளே ஒரு தேசமே முட்டிக்கொண்டு நின்றது. மனிதர் வாக்குத் தவறுவதாக இல்லை.

"அப்பா! சொல்லித் தொலைங்கப்பா! ஜப்பானச் சொல்லுங்க!"

சொன்னார். செருப்பில் தொடங்கி, செருப்பிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து வெந்நீர்த் தொட்டிக்கும், அங்கிருந்து சூடேற்றிய கக்கூஸ் இருக்கைக்கும் போனார். பக்கிரிசாமி மறுபடி உட்கார்ந்தார். பிறகு கொட்டாவி விட்டார். நாற்பது நிமிடம் கழித்து, அதிவேக ரயில் ஒசாக்காவை நெருங்கிக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரி கையை உயர்த்தினார்.

"சரிங்கண்ணே, எங்களுக்குச் சம்மதம். தேதி பாத்துறலாம்."

அன்றிலிருந்து குழந்தைவேலு ஊரெல்லாம் சொல்கிறார்: "எம்மக கல்யாணத்த முடிச்சு வச்சதே ஜப்பான்தான் லா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒரே ஒரு தடவை மேடான் போய் வந்துவிட்டு, இன்றைக்கும் அந்த ஊர்க் காப்பியைப் பற்றிப் பேசுகிறவர் நீங்கள்தானே? அடுத்த முறை உங்கள் பயணக் கதையின் நடுவே எதிரில் இருப்பவர் சட்டென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், பூரித்துப் போய்விடாதீர்கள்.

கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்து, வெங்காயம் உரித்தபடி மாமியார் சொல்லித்தான் வாசுகிக்கே தெரிந்தது. அன்றைக்கு லோகேஸ்வரி வீட்டைவிட்டுப் புறப்பட்டதே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதற்காகத்தான்.

"அப்புறம் ஏன் அத்தை சரின்னீங்க?"

"வேற எப்படிமா அவர நிறுத்துறது?"