தலைமையாசிரியைக்கு ஒரு துண்டு கேக்

விருந்தாளிக்கென்று செய்த பண்டத்தை, விருந்தாளி வாயில் வைப்பதற்கு முன் செய்தவள் ருசி பார்க்கலாமா, கூடாதா? இன்றுவரை எனக்கு விடை தெரியாத கேள்வி இது. கூடாது என்று சொல்லித்தான் என் அம்மா என்னை வளர்த்தார். எச்சில் பட்டதைப் பிறர் தட்டில் வைப்பதா என்பார். குழம்பில் உப்பு சரியா என்பதைக்கூட ஆவியை முகர்ந்தே கண்டுபிடிப்பார். நானும் அப்படியே பழகிவிட்டேன். அதனால் விளைந்ததைச் சொல்கிறேன். தப்பு அம்மா மீதா, என் மீதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம். மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் ஒரு மரவீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் நில அளவை அலுவலகத்தில் குமாஸ்தா, எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணி. எங்கள் மகள் வாசுகி அப்போது கைக்குழந்தை. கல்யாணத்துக்கு முன் நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. புதிய வகுப்புகள் திறக்கிறார்கள், ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் மீண்டும் வேலை கேட்டேன். தலைமையாசிரியை மிஸஸ் தம்பையா யாழ்ப்பாணத்துக்காரர். உடனே சரி என்று சொல்லவில்லை. "வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாறன், பேசுவம்" என்று மட்டும் சொன்னார்.

எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்குப் போய்விட்டால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா ஈப்போவில், மாமியார் இந்தியாவில். பதில் இல்லாத இடத்தில் ஒரு கேக்கை வைத்துவிடலாம் என்று தோன்றியது. (படித்தவள் யோசனை!)

அந்தக் கேக்கும் சாதாரணக் கேக் அல்ல. என் வீட்டுக்காரரின் துரை சீமைக்குத் திரும்பியபோது அவர் மனைவி கொடுத்துவிட்டுப் போன பழைய பத்திரிகைக் கட்டில் அதன் படம் இருந்தது. கறுப்பாக ஓர் அடுக்கு, அதன்மேல் வெள்ளையாகக் க்ரீம், மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளை, உச்சியில் வட்டமாகச் சிவப்புச் செர்ரிப் பழங்கள். கடையில் எதுவும் ஆயத்தமாக வாங்காமல் மாவிலிருந்து எல்லாமே கையால் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. இதைச் செய்கிறவள் ஒரு வகுப்பை நடத்தமாட்டாளா, வீட்டையும் பார்த்துக்கொள்ளமாட்டாளா என்று தலைமையாசிரியை நினைப்பார். இதுதான் என் கணக்கு.

"எதுக்கு இந்த வம்பு? உளுந்து வடை சுட்டாப் போதும்லா" என்றார் என் வீட்டுக்காரர்.

வடை எல்லார் வீட்டிலும் கிடைக்கும் என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு போத்தல் செர்ரியும் டின் க்ரீமும் வாங்கிவந்தார். எத்தனை கடை ஏறி இறங்கினார் என்று நானும் கேட்கவில்லை.

பத்திரிகையில் 'அடுப்பின் நடுத்தட்டில் வைக்கவும்' என்று இருந்தது. எங்கள் அடுப்புக்கு ஏது நடுத்தட்டு? பக்கத்து வீட்டுப் பிபிக் கைகொடுத்தார்; வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். பிபிக் மலாக்காச் செட்டி இனத்தவர். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். கேக் சுட அவர் வைத்திருந்த தகரப்பெட்டியைத் தூக்கிவந்து எங்கள் கொல்லையில் வைத்தார். கீழே தேங்காய் மட்டை நெருப்பு, மூடியின்மேல் கரித்தணல்.

முட்டையையும் சர்க்கரையையும் அடித்து அடித்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. அடுத்தது கொக்கோ. டின்னில் இருந்தது பாதி மாவுக்குத்தான் காணும். பதறிப்போய் அலமாரியைத் துழாவினால் பின்வரிசையில் அதேபோல் இன்னொரு கொக்கோ டின். உள்ளே நைஸான பழுப்புத் தூள். கடவுள் என் பக்கம் இருக்கிறார் என்று அப்படியே கொட்டினேன். நிறம் கொஞ்சம் வெளுத்திருப்பதுபோல் பட்டது. பழசு, அதனால்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன். முகர்ந்து பார்த்திருக்கலாம். ஆனால் மட்டைப் புகையில் என் மூக்கு எப்போதோ மரத்துவிட்டது.

மாவு நுரைத்தது பாருங்கள், அப்படி ஒரு நுரை! அத்தனை வருடச் சமையலில் நான் கண்டதில்லை. எனக்குக் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

தகரப்பெட்டியில் வைத்த பிறகு என் சுபாவம் வேலையைக் காட்டியது. வெந்திருக்குமா, கருகியிருக்குமா என்று போய் மூடியைத் திறப்பேன், மூடுவேன். திண்ணையில்லாத வீட்டுக் கொல்லைப்படியில் இரண்டு நிமிடம் உட்காருவேன், மறுபடி எழுந்து திறப்பேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாம்பல் உள்ளே விழும். இதற்கிடையில் குழந்தை வேறு இடுப்பிலிருந்து வீல் வீல் என்று கத்துகிறது.

"ஜாங்ஙான் புக்கா லாகி" என்றார் பிபிக். இனித் திறக்காதே என்று அர்த்தம். சொல்லிவிட்டு என் இடுப்பிலிருந்த வாசுகியை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வேலியோரமாகப் போய்விட்டார். அழுகை நின்றது. கை சும்மா இருக்கிறதே என்று நான் இன்னொரு தரம் மூடியைத் திறந்தேன்.

கேக் வெளியே வந்தபோது நடுவில் குளம் வெட்டியதுபோல் பள்ளம். அதைக் க்ரீமால் நிரப்பினேன். ஐஸ் கட்டிமேல் வைத்து அடித்த க்ரீம் மலாக்கா வெயிலுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? மேலே வைத்த செர்ரிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து பள்ளத்தில் கூடிவிட்டன. என் பிரசவத்துக்கு வாங்கிய பிராந்தியில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு கரண்டி ஊற்றச் சொல்லிப் பத்திரிகை. ஊற்றலாமா, தலைமையாசிரியை மோப்பம் பிடித்தால் என்ன நினைப்பார் என்று யோசித்து அரைக் கரண்டி ஊற்றினேன். ஊற்றிவிட்டு, ஏன் ஊற்றினேன் என்று யோசித்தேன்.

மிஸஸ் தம்பையா சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. நான் குழந்தைப் பேச்சுக்கே இடம் கொடுக்காமல் நேராகக் கேக்கை வெட்டி அவர் தட்டிலும் என் வீட்டுக்காரர் தட்டிலும் வைத்தேன். விருந்தாளிக்கு முன் நான் தொடக்கூடாதே. நின்று பரிமாறினேன்.

தலைமையாசிரியை ஒரு வாய் மென்றார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு தட்டில் விழுந்ததை மிச்சம் வைக்காத அந்தக் காலத்து ஒழுக்கத்தோடு துண்டு முழுவதையும் தின்றுமுடித்தார். என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். உதட்டோரம் மெல்லிய நுரை. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. தலை முழுக வேணுமெண்டு இருந்தனான் பிள்ளை. இனித் தேவையில்லை."

எனக்குப் புரியவில்லை. விருந்தாளி சாப்பிட்டாயிற்று, இனித் தோஷமில்லை என்று ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டேன். கசப்பு. அதற்குப் பின்னால் நன்றாகத் தெரிந்த ஒரு வாசனை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் தலையில் நானே தேய்த்துக்கொள்ளும் வாசனை. மழைக்காலத்தில் நமுத்துப்போகாமல் இருக்க, காலியான கொக்கோ டின்னில் சீயக்காய்த் தூளைக் கொட்டி மூடியை அழுத்திவைத்த மகராசியும் நானேதான்.

உள்ளே ஓடி டின்னை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. வேலை போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரைப் பார்த்து, உங்களுக்குமா தெரியவில்லை என்றேன்.

"வெள்ளைக்காரன் கேக்கு இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவர் தட்டும் காலி.

தலைமையாசிரியை சிரிக்க ஆரம்பித்தார். பள்ளியில் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கியதும், குழந்தை எங்கே என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. கேக் வேலையில் குழந்தையையே மறந்திருக்கிறேன்! பதறிப்போய்ப் பின்வாசலுக்கு ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பிபிக் வீட்டு வாசலில், அவர் மடியில் வாசுகி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வாங்கக் கை நீட்டியதும் பிபிக் தலையை ஆட்டினார். இங்கேயே இருக்கட்டும், வீட்டில் சின்னதுகள் யாருமில்லை, தினமும் கொண்டுவந்து விட்டாலும் சந்தோஷம்தான் என்று மலாயில் சொன்னார். இத்தனை நாள் இதைக் கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

மிஸஸ் தம்பையா குடையை எடுத்துக்கொண்டார்.

"நான் கேக் பார்க்க வரேல்லை பிள்ளை. குழந்தையை ஆர் பார்ப்பினம் எண்டு பார்க்க வந்தனான். பார்த்திட்டன். தை மாதம் வாரும்." படியிறங்கியவர் திரும்பினார். "சமையல் வகுப்பு மட்டும் உமக்குத் தரமாட்டன்."

அந்தத் தை மாதம் போன நான் இன்னும் அதே பள்ளியில்தான் கணக்கும் தையலும் கற்றுக்கொடுக்கிறேன். வாசுகிக்குத் தமிழ் வருவதற்கு முன்பே பிபிக்கின் மலாய் வந்துவிட்டது. இப்போது அவளும் பள்ளிக்கூடம் போகிறாள். நான் எதைச் சமைத்துத் தட்டில் வைத்தாலும் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "சாப்பிடவாம்மா, தேய்க்கவா?" என்பாள் அவள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வருகிற மாதம் மிஸஸ் தம்பையா ஓய்வு பெறுகிறார். பிரிவு விருந்துக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். அந்தக் கேக்தான் வேண்டுமாம், இந்த முறை கொக்கோ போட்டு. டின்களுக்கெல்லாம் பெயர் ஒட்டிவிட்டேன். மூடியைத் திறக்கமாட்டேன் என்று பிபிக்கிடம் சத்தியமும் செய்திருக்கிறேன். ஆனால் கேக்கை வெட்டாமல் ருசி பார்க்க முடியாது, வெட்டிய கேக்கை விருந்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. அம்மாவின் சொல்லோ இன்னும் காதிலேயே இருக்கிறது. அனுபவப்பட்ட வாசகிகள் யாராவது சொல்லுங்கள்: ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு செர்ரியை வைத்து மறைத்துவிடலாமா?