முந்நூறே அறுநூறு

ஓல்டர்வெர்டம், கிழக்கு ஃப்ரீஸ்லாந்து
நவம்பர், வியாழக்கிழமை

அன்பிற்குரிய மைத்துனன் ஒக்கோவுக்கு, உன் அத்தான் ஹார்ம் எய்ல்ட்ஸ் ஆசியுடன் எழுதுவது.

இங்கே நானும் உன் அக்கா கேஷெயும் சுகம். காற்றும் மழையும் வழக்கத்தைவிடச் சுகம். ஸ்டுட்கார்ட்டில் நீயும் உன் வீட்டாரும் உன் முழங்காலும் அவ்வாறே இருக்க விரும்புகிறேன். விசாரிப்பு முடிந்தது. இனி உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவைப்பாய். ஒக்கோ, நான் ஜெயித்துவிட்டேன்! நாற்காலி என்னுடையது!

போன வருஷம் ஈஸ்டருக்கு வந்திருந்தபோது என் புதிய கேமராவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "என்ன அத்தான், சோப்பு டப்பா மாதிரி இருக்கு? தண்ணியில போட்டா நுரை வருமா?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நீ பறவைகளைச் சாப்பிடுவதோடு சரி என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். எங்கள் பறவைப் படச் சங்கத்துக்குக் கடலணை மேல் ஒரு மரக் குடிசை உண்டு. அதில் லென்ஸை நீட்ட ஒரே ஒரு துவாரம், ஒரே ஒரு நாற்காலி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காட்டு வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து புல்வெளியில் இறங்கும். அவற்றைத் தேடிக்கொண்டு வெண்வால் கழுகு வரும். சனிக்கிழமை காலை நாற்காலியில் இருப்பவனுக்குக் கழுகு, வெளியே அணைமேல் நிற்பவனுக்குச் சளி. யார் உட்காருவது என்பதைச் சங்கத்தின் ஏழாம் விதி சொல்கிறது. லென்ஸில் எழுதியிருக்கும் மில்லிமீட்டர் எண் யாருக்குப் பெரிதோ அவருக்கே நாற்காலி. எண் எவ்வளவு பெரிதோ, தூரத்துப் பறவை அவ்வளவு பெரிதாகத் தெரியும். சமமாக இருந்தால் பெயர் அகரவரிசைப்படி. அது ஃபிலிம் காலத்தில் எழுதிய விதி. அப்போது எல்லார் கேமராவிலும் ஃபிலிம் ஒரே அளவு, அதனால் அந்த எண்ணை நம்பலாம். நானும் சங்கத் தலைவர் டாக்டர் யான்சென்னும் ஆளுக்கொரு அறுநூறு வைத்திருந்தோம். எய்ல்ட்ஸ் முந்தி, யான்சென் பிந்தி. ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கிய அந்த மனிதர் வெளியே நின்று தம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் என் தோள் வந்து கெடுத்தது. எலும்பு வைத்தியர் என் அறுநூறைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பீரங்கியை இன்னொரு தடவை தூக்கறதா இருந்தா, தோளை என்கிட்டயே விட்டுட்டுப் போயிடுங்க" என்றார். பீரங்கியை விற்றேன், சோப்பு டப்பாவை வாங்கினேன். அதன் லென்ஸில் எழுதியிருப்பது முந்நூறு. அடுத்த சனிக்கிழமை குடிசை வாசலில் யான்சென் கையை நீட்டி மறித்தார். "வெளிய நில்லுங்க எய்ல்ட்ஸ். விதி விதிதான்." நான் அங்கேயே, அந்தக் காற்றிலேயே விளக்கினேன். லென்ஸ் உள்ளே வட்டமாக ஒரு படத்தை விழ வைக்கிறது, ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் சென்சார் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. அவர் சென்சார் பெரிது, அகலமாக வெட்டும். என் சென்சாரின் பக்கங்கள் அதில் பாதி, நடுத்துண்டை மட்டும் வெட்டும். இரண்டையும் ஒரே அளவுக் காகிதத்தில் அச்சடித்தால் என் துண்டு இரண்டு மடங்கு பெரிதாகியே தீர வேண்டும். ஆகவே என் முந்நூறு காட்டுவதும் அவர் அறுநூறு காட்டுவதும் ஒன்றேதான். முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். பாதிரியாருக்கே கிளட்சைப் புரியவைத்தவன். ஆனால் யான்சென்னோ, "லென்ஸ்ல முந்நூறுன்னுதானே போட்டிருக்கு? செஞ்சவனைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு குளிர்காலம், ஒக்கோ! நான் மூக்கொழுக நிற்கிறேன், அவர் உள்ளே கம்பளி போர்த்திக்கொண்டு கழுகை ரசிக்கிறார். வீட்டில் வந்து சொன்னால் உன் அக்காவாவது இரக்கப்பட்டாளா? தோட்டத்து டேலியாப் பூக்களைப் படம்பிடிக்க ஒரு மலிவுக் கேமரா வைத்திருக்கிறாளே, அதைத் துடைத்துக்கொண்டே, "குளிருதுன்னா வீட்ல இரு ஹார்ம்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குடும்பச் சந்தாவில் அவள் பெயரும் சங்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கேக் கொண்டுவருவாள், கை தூக்கச் சொன்னால் தூக்குவாள்.

இந்தத் திங்கட்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஏழாம் விதியைத் திருத்தத் தீர்மானம் கொடுத்திருந்தேன். மூன்று கோப்பை டீ குடிக்காமல் நம் ஊரில் எந்த வாக்கெடுப்பும் நடக்காது என்பது உனக்குத் தெரியும். முதல் கோப்பையில் கற்கண்டு கரைவதற்குள் நான் எழுந்துவிட்டேன். யான்சென்னின் பீரங்கியையும் என் சோப்பு டப்பாவையும் ஜன்னலில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, தேவாலயக் கோபுரத்து உச்சியில் காற்றுக்குச் சுழலும் அந்தத் தகர அன்னத்தை இரண்டிலும் பிடித்துச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினேன். இரண்டு அன்னமும் ஒரே அளவு! அலகில் இருந்த துருகூட ஒரே அளவு! யான்சென் எழுந்து, "என் படத்துல பின்னாடி இருக்கிற காற்றாலை எவ்வளவு மென்மையா கரைஞ்சிருக்கு பாருங்க, அவர் படத்துல அது துருத்திக்கிட்டு நிக்குது" என்றார். உண்மைதான். ஒப்புக்கொண்டேன். "அந்த ஒண்ணுல நீங்கதான் பெரிய ஆளு டாக்டர். ஆனா ஏழாம் விதி காற்றாலையைப் பத்திப் பேசலையே!" என்றேன். சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து உன் அக்கா, கேக் வெட்டிய கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இந்தப் பெருக்கல் எல்லாக் கேமராவுக்கும் உண்டா, இல்ல உன் கேமராவுக்கு மட்டுமா?" பாவம், எனக்கு எடுத்துக் கொடுக்கிறாள் என்று உள்ளம் குளிர்ந்து முழங்கினேன். "எல்லாக் கேமராவுக்கும்! சென்சார் எவ்வளவு சின்னதோ, பெருக்கல் அவ்வளவு பெருசு! பணக்காரன் கேமரா, ஏழை கேமரா, எதுக்கும் விதிவிலக்கு கிடையாது!" மேசையைத் தட்டினார்கள், ஒக்கோ. யான்சென் இரண்டாவது கோப்பையிலேயே போதும் என்று ஸ்பூனை உள்ளே போட்டுவிட்டார். மூன்றாவதை வேண்டாம் என்றவர் எப்பேர்ப்பட்ட கோபத்தில் இருந்திருப்பார் என்று நீயே யோசித்துக்கொள். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. கேஷெ இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்றைக் கீழே போடச் சொன்னோம். புதிய விதியை நானே எழுதினேன், ஓர் ஓட்டையில்லாமல்: எண்ணைப் பார்க்காதே, கேமரா எவ்வளவு குறுகலாகப் பார்க்கிறது என்று கணக்கிடு, மிகக் குறுகலாகப் பார்ப்பவருக்கு நாற்காலி, தலைவரே ஆனாலும் மறுப்பதற்கு உரிமையில்லை. முந்நூறு பெருக்கல் இரண்டு அறுநூறு. இருவரும் சமம். எய்ல்ட்ஸ் முந்தி!

நாளை மறுநாள் சனிக்கிழமை. கம்பளியைத் துவைத்துக் காயப்போட்டாகிவிட்டது. வெளியே டாக்டர் தும்முவது எனக்குக் கேட்கும். நான் கதவைச் சாத்த மாட்டேன், கேட்டுக்கொண்டே இருப்பேன். சோப்பு டப்பா என்று சொன்னதற்கு நீ கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பு. கழுகுப் படத்துக்குப் பக்கத்தில் அதையும் சட்டம் போட்டு மாட்டுவேன்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உன் முழங்காலுக்கு என் ஆசி. கடல் அணையைத் தாண்டாமலும் கழுகு என்னைத் தாண்டாமலும் இருக்கட்டும்.

வெற்றிபெற்ற உன் அத்தான்,
ஹார்ம் எய்ல்ட்ஸ்

பின்குறிப்பு, ஞாயிறு: தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மன்னிப்புக் கடிதம் வேண்டாம். நேற்று விடிந்ததும் குடிசைக்குப் போனால், நாற்காலியில் உன் அக்கா. மடியில் என் கம்பளி, கையில் டேலியாக் கேமரா. அதன் சென்சார் சுண்டுவிரல் நகமளவு. லென்ஸில் எழுதியிருப்பது வெறும் இருநூற்றுப் பதினைந்து, ஆனால் பெருக்கல் ஐந்தரைக்கு மேல். ஆயிரத்து இருநூறு, ஒக்கோ! "நீதானே சொன்ன, விதிவிலக்கு கிடையாதுன்னு. கதவைச் சாத்து ஹார்ம், குளிருது" என்றாள். கழுகு அவள் முன்னாலேயே வந்து வாத்தைத் தூக்கியிருக்கிறது. எனக்கும் டாக்டருக்கும் சேர்த்து ஒரே குடை. பழைய விதியே நல்ல விதி என்று நாங்கள் இருவரும் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறோம். கழுகைப் பிடித்து முடித்ததும் உன் அக்கா கேமராவை அணையின் மறுகோடியில் நின்றிருந்த எங்கள் பக்கம் திருப்பினாள்; உனக்கு அனுப்பச் சொல்லி அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறாள். நல்ல படம்தான். அவ்வளவு தூரத்திலிருந்தும் என் மூக்கு நுனியில் தொங்கும் துளி தெளிவாகத் தெரிகிறது.