ஒன்பது நிமிட அக வணக்கம்

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் அன்றைக்கு என்னை மாட்டிவிட்டது எழுத்தல்ல, வாய். (அது எப்போதும் சாத்தித்தான் இருக்கும்.)

போர்நிறுத்தக் காலம். ஒஸ்லோவில் இருந்த நெடுந்தீவாரும் அனலைதீவாரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். இந்திய எல்லைப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் எங்கள் தீவுகளுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்ல ஒரு பொதுப் படகு. உதவி கேட்க ஒரு நோர்வே அதிகாரியை அழைத்தார்கள். சுவீடன் எல்லைத் தீவொன்றில் பிறந்த பெண். ரயிலுக்கு முன் எங்களுக்கென்று கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்.

படகு முதலில் எந்தத் தீவுக்குப் போவது என்பதில் இரண்டு ஊர்த் தலைவர்களும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கூட்டத்தை யார் தொடக்குவது என்பதிலும் சண்டை. கடைசியில் நான் அகப்பட்டேன். பிறந்தது நெடுந்தீவு, பெண் எடுத்தது அனலைதீவு.

"அண்ணை, ஒரு நிமிசம் மௌனமா அக வணக்கம். பிறகு இருக்கச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்," என்றார் எங்கள் நெடுந்தீவுத் தலைவர்.

மைக்கைப் பிடித்தேன். "கடலிலையும் சண்டையிலையும் போன எங்கடை ஆக்களுக்காக எழும்பி நிப்பம்."

எல்லோரும் எழுந்தார்கள். தலை குனிந்தேன். கடலுக்குப் போய்த் திரும்பாத என் தம்பி நினைவில் வந்தான். வந்தவன் போகவில்லை.

எங்கள் கூட்டங்களில் மைக்கில் நிற்பவர் சொல்லாமல் ஒருவரும் உட்காரமாட்டார்கள். யாரோ செருமினார்கள். பிறகு பலர் செருமினார்கள். கடைசியில் மூன்றாம் வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "இஞ்சருங்கோ, சனத்தை இருக்க விடுங்கோ!"

ஒன்பது நிமிடம். (மகள் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றாளாம்.)

மிச்சம் ஆறு நிமிடம். தலைவர்கள் ஆளுக்கு இருபது நிமிட உரை எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் போதுமென்றிருந்தது. அந்த அதிகாரிப் பெண் கண்ணைத் துடைத்தார். "எங்கள் தீவிலும் கடல் ஆட்களை எடுத்திருக்கிறது," என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டுப் புறப்படக் குளிர்ச்சட்டையை எடுத்தார்.

அனலைதீவுத் தலைவர் தன் ஊர் விண்ணப்பத்தை அவசரமாக எங்கள் தலைவரிடம் நீட்டினார். "ரெண்டையும் ஒண்டாக் குடுங்கோ. படகு எங்கை முதல் போனாலும் பரவாயில்லை, மனுசி போகப்போகுது!"

சில மாதத்தில் நல்ல பதில் வந்தது. ஆனால் ஊரில் மறுபடி சண்டை மூண்டது. படகு ஓடவில்லை. இரண்டு ஊராரும் இன்றைக்கும் சேர்ந்து ஒரே கூட்டம்தான் வைக்கிறார்கள். எனக்கு மட்டும் மைக் தருவதில்லை.

சாப்பாட்டு மேசையில் நான் பேசாமல் இருந்தால் மகள் எழுந்து தலை குனிந்து நிற்பாள். "அப்பா, இனி இருக்கலாமோ?" மனைவி சிரிப்பாள். "இரு பிள்ளை" என்பேன். தம்பி நினைவில் வந்த நாட்களில் கொஞ்சம் பிந்தித்தான் சொல்வேன். அவளும் நிற்பாள்.

லோறென்ஸ்கூக், 15 நவம்பர் 2009