மரப்புட்டு அண்ணாச்சியின் சோப்பு டப்பா

தென்காசி வட்டாரத்தில் மரத்தூளைப் புட்டுக் குழலில் போட்டு அவித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்கு முன்னால் யாரும் அவித்ததில்லை. இனி யாரும் அவிக்கப் போவதுமில்லை. அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வராது.

எழுபதுகளின் கடைசியில், செங்கோட்டை ரோட்டில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் வருகிற மரத்தடிகளை அளந்து எழுதும் வேலை எனக்கு. அவர் அங்கே ரம்பத்துக்குச் சாணை பிடிப்பவர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் ஒரு நாள் காலையில் அவர் மனைவி குழலைக் காணாமல் மில்லுக்கே வந்துவிட்டார்.

"குழலை எங்கன கொண்டு வச்சிய?"

"செத்த பொறு. உள்ள வெந்துக்கிட்டு இருக்கு."

"என்னது வேகுது?"

"தேக்கு."

அன்றைக்கு விழுந்த பெயர்தான் மரப்புட்டு.

ஊருக்குள் பிளாஸ்டிக் சாமான்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. சாரல் சீசன் முடிந்ததும் அண்ணாச்சி என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். எனக்கு மறுத்துப் பேச வராது. அருவிக்குக் கீழே பாறை இடுக்குகளில் உடைந்த குவளையும் சோப்பு டப்பாவும் சிக்கிக் கிடக்கும். அவற்றைப் பார்த்தபடி துக்க வீட்டில் நிற்பதுபோல நிற்பார்.

"பொறந்தது எல்லாம் சாவணும்லே. சாவத் தெரியாத சாமானச் செஞ்சு வச்சிருக்கானுவ. இத எவன் அடக்கம் பண்ணுவான்?"

மில்லுக்குப் பின்னால், அண்ணாச்சி அவித்துப் பார்க்கிற பழைய கொட்டகையை ஒட்டி, மரத்தூள் மலையாகக் கிடந்தது. அதில் புளியங்கொட்டைப் பசையும் கொஞ்சம் குங்கிலியப் பிசினும் சேர்த்துப் பிசைந்து, இரும்பு அச்சில் அடைத்து, லாரி ஜாக்கியால் நெருக்கி, ஆவியில் வேக வைத்தால் பிளாஸ்டிக் தோற்றுப்போகும் என்பது அவர் கணக்கு. உழைக்கிற வரைக்கும் உழைக்கும். தூக்கிப் போட்டால் மண்ணாகிவிடும்.

முதலில் சீப்பு செய்தார். மில் வாட்ச்மேன் ஒரு தடவை சீவினார். சீப்பின் முதுகு கையோடு வந்தது, பல்லெல்லாம் தலையிலேயே தங்கிவிட்டது. அடுத்து ஒரு முக்காலி. முதலாளி அதில் உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு எழுந்தார். முக்காலியும் எழுந்தது. பசை காயவில்லையாம்.

பின்பக்கம் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, வாற சீசன் வரைக்கும்தான். ஒம்ம சாமான் வித்தா அந்தக் கொட்டகை ஒமக்கு. விக்கலைன்னா தூளச் செங்கல் சூளைக்காரன் அள்ளிட்டுப் போவான். கொட்டகையும் அவனுக்குத்தான்."

அந்தக் கோடையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனதே குறைவு. கடைசியில் ஒரு சோப்பு டப்பா அமைந்தது. தேக்கு நிறம், நல்ல மினுமினுப்பு. மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நாள் முழுக்க மூடி மூடித் திறந்தார். தண்ணீரில் முக்கி எடுத்தார், வெயிலில் வைத்தார். லேசாக உப்பியது, காய்ந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

"தண்ணி பட்டா என்னலே? வெயில் பட்டா சரியாயிரும்."

சாரலிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். சீசனில் வெயிலே அடிக்காது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

குற்றாலத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் டப்பாக்களை அடுக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் காத்திருந்தோம். பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற தகப்பன் மாதிரி இருந்தார் அண்ணாச்சி. வெளியூர்க்காரர் ஒருவர், நல்ல கனத்த உடம்பு, உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் வழிய வந்து ஒரு டப்பா வாங்கினார். சோப்பை உள்ளே வைத்து மூடினார். 'டக்'. அண்ணாச்சி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பின்னாலேயே அருவிக்குப் போனோம். மனிதர் டப்பாவோடு தண்ணீருக்குள் நின்று, ஆசை தீரக் குளித்துவிட்டு, சோப்பு போட வெளியே வந்தார். மூடி உப்பி இறுகிவிட்டது. இழுத்தார். பல்லால் கடித்தார். எண்ணெய்க் கை வழுக்கியது. கடைசியில் டப்பாவைப் பாறையில் ஓங்கி அடித்தார்.

அண்ணாச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். "நல்லா அடிங்க ஐயா! இன்னும் ஓங்கி அடிங்க!" என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியாலே, ஒரு கீறல் விழல!"

"யோவ், என் சோப்பு உள்ள இருக்குய்யா!"

அந்த மனிதர் எண்ணெயோடேதான் ஊர் திரும்பியிருக்க வேண்டும்.

கடையில் இருந்த டப்பாக்களையும் சாரல் விடவில்லை. மறுவாரம் போனபோது எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. மூலைகளில் குட்டிக் குட்டிக் காளான்கள்.

"அண்ணாச்சி, இதுல சோப்பு வைக்கவா, கொழம்பு வைக்கவா?" என்றார் கடைக்காரர்.

அண்ணாச்சி ஒரு காளானைத் தொட்டுப் பார்த்தார். "மக்குதுலே," என்றார் மெதுவாக. "நான் சொன்னபடியே மக்குது. என்ன, அது கொஞ்சம் அவசரப்பட்டுட்டு."

சூளைக்காரர் லாரி வந்து தூளை அள்ளியது. அந்த மலை கரைந்து தரை தெரிகிற வரைக்கும் அண்ணாச்சி ஜாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து மில்லுக்கு வரவில்லை.

அடுத்த சீசனில் ஐந்தருவிப் பாதையில் அவரைப் பார்த்தேன். சாக்கை விரித்து, குவளையும் சோப்பு டப்பாவும் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் பிளாஸ்டிக். வாங்க வருகிறவர்களிடம் கசந்த குரலில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தாயி, இது சாவாது. ஒங்களுக்குப் பொறவும் கெடக்கும். ஒங்க பேரன் காலத்துலயும் கெடக்கும்."

"அப்படியா? ரெண்டு குடுங்க."

அந்தப் பாதையிலேயே அவர் கடையில்தான் கூட்டம். அவர் எச்சரிக்க எச்சரிக்க அள்ளிக்கொண்டு போனார்கள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து ஒரு சிவப்பு டப்பாவை எடுத்தேன்.

"நீயுமாலே?" என்றார்.

பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஆலங்குளம் பக்கம் மகள் வீட்டில் காலமானதாகச் சொன்னார்கள்.

அந்தச் சிவப்பு டப்பா இன்னும் எங்கள் குளியலறையில் இருக்கிறது. நிறம்கூட மங்கவில்லை. மில்லில் இருந்தபோது அவர் எனக்கு ஆசையாகக் கொடுத்த தேக்கு நிற டப்பாவை ஜன்னலில் பத்திரமாக வைத்திருந்தேன். அது ஒரே மழைக்காலத்தில் பொதபொதவென்றாகி, வீட்டுக்காரி அதை முருங்கை மரத்தடியில் போட்டாள். பிறகு எத்தனையோ தடவை அங்கே கிளறிப் பார்த்துவிட்டேன். மண்தான் இருக்கிறது.

அந்த ஒரு டப்பாவாவது அவர் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.