இன்னொரு கோட்

மனிதர்களில் 'இன்னொரு கோட்' என்றொரு இனம் உண்டு. செய்ய வேண்டிய காரியத்துக்கு முந்தின காரியத்தை மட்டும் செய்துகொண்டே ஆயுளைக் கழிப்பவர்கள். இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி பவானிபூரில், எங்கள் எதிர் மாடியில் வசிக்கிறது. பெயர் வீரபாண்டியன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்.

சின்னப் பொருள்களுக்குத் தாமிர முலாம் பூசுவது இவருடைய பொழுதுபோக்கு. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். முலாம் ஏற வேண்டுமானால் பொருளின் மேல் மின்சாரம் ஓட வேண்டும். கொட்டையிலும் மரத்திலும் அது ஓடாது. ஆகவே கிராஃபைட் தூளை வார்னிஷில் குழைத்துப் பூசி, காயவைத்து, மீட்டரின் இரு முனைகளையும் வைத்து, எத்தனை ஓம் தடை இருக்கிறதென்று சோதித்து... அந்தச் சோதனையோடு நின்றுவிட்டார். நாலு வருஷமாக. புளியங்கொட்டை, வேர்க்கடலைத் தோடு, செத்த கரப்பான் என்று அலமாரி நிறையக் கரிய உருவங்கள். முலாம் ஏற்றும் மயில்துத்தக் கரைசல் நிரம்பிய கண்ணாடித் தொட்டி மட்டும் மூடியபடியே கிடந்தது.

காரணமா இல்லை? மழைக்காலத்தில் "ஈரக்காத்து சார், காயாது." வெயிலில் "கை வேர்க்குது, ரீடிங்கை நம்ப முடியாது." பூஜை வந்தால் "பந்தல்ல லைட் போட்டிருக்கான், வோல்டேஜ் ஆடும்." மீட்டர் ஓடுவது பாட்டரியில் என்பதை அவருக்கு யார் சொல்வது? கீழே வங்காளி டீக்கடைக்காரர் தினமும் "தாதா, ஹொலோ?" என்பார். முடிந்ததா என்று கேட்கிறார். "ஆர் ஏக்டா கோட்" என்பார் இவர். இன்னொரு பூச்சு பாக்கியாம்.

இப்படிப்பட்டவரிடம் இழக்கக் கூடாத பொருளை யாராவது கொடுப்பார்களா? நான் கொடுத்தேன்.

ஜெயலக்ஷ்மியின் பென்சில். குறுக்கெழுத்துப் போடும்போது அதன் நுனியைக் கடிப்பது என் மனைவியின் வழக்கம். நாலு பல் தடங்கள். அவள் போன பிறகு மரம் விரிசல் விடத் தொடங்கியது. மேலே தாமிரம் ஏற்றிவிட்டால் அப்படியே நிற்கும் என்று நினைத்தேன்.

"பல் தடம் தெரியணும், அவ்வளவுதான்" என்றேன்.

"அதானே சார் முக்கியம்!"

முதல் கோட்டில் நாற்பதாயிரம் ஓம். இரண்டாவதில் ஆறாயிரம். மூன்றாவதில் எண்ணூறு.

"ஆயிரத்துக்குக் கீழ வந்தா போதும்னீங்களே?"

"போதும்தான். இன்னொரு கோட் குடுத்தா ஐநூறு சார். ஒரு நிம்மதி."

யாருக்கு நிம்மதி? ஐந்தாவது கோட் காய்ந்ததும் கட்டைவிரலால் தடவினேன். நாலு பள்ளங்களில் இரண்டு தூர்ந்துவிட்டன.

"எப்படி வழவழன்னு இருக்கு!" என்று பூரித்தார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி அன்னக்கிளி எட்டிப் பார்த்தார். "ஏங்க, இது பென்சிலா, உலக்கையா? ஜெயா அக்கா கடிச்ச இடத்தையெல்லாம் காரை பூசி அடைச்சிருக்கீங்க!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, கிளி..."

"அப்படியே இந்த அண்ணாவுக்கும் ஒரு கோட் பூசுங்க. அசையாம உக்காந்திருக்காரு."

சொல்லிக்கொண்டே தொட்டியின் மூடியைத் திறந்து பென்சிலைக் கம்பியோடு உள்ளே தொங்கவிட்டார். "ஸ்விட்ச் எதுங்க?"

வீரபாண்டியன்தான் போட்டார். கம்பி சுற்றிய இடத்திலிருந்து இளஞ்சிவப்பு மெல்ல ஊர்ந்து வந்தது. நாலு வருஷத்தில் முதல் முறையாக அதைப் பார்த்த மனிதர், "பிடிக்குது சார், பிடிக்குது!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

பென்சில் இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டு பல்லோடு. தாமிரம் கறுக்காமலிருக்க மேலே நிறமில்லாத அரக்கு ஒன்று பூச வேண்டும். வாங்கி மூன்று வாரமாகிறது. எடுத்த எடுப்பில் இதன் மேலேயே பூச முடியுமா? செப்புக் கரண்டிகளில் சோதித்துப் பார்க்கிறேன். ஆறு முடிந்தது. ஏழாவதில் ஒரு சின்னக் குமிழி. பென்சில் ஓரங்களில் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். நல்லது. யாருக்கோ கொடுக்க வேண்டியதை, சொல்ல வேண்டியதை, 'இன்னும் கொஞ்சம் சரிபண்ணிவிட்டு' என்று நீங்கள் எங்கும் எடுத்து வைத்திருக்கவில்லை அல்லவா? எதற்கும் எழுந்து போய்க் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். எத்தனை பல் மிச்சம் என்று.